தீ எந்தப் படியில் நின்றது? காட்டில் நெருப்பு பிடிக்காதபோது கோளாறு கண்டுபிடிக்கும் முறை

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஜூலை மாதம். சக்லேஷ்பூர் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் தங்கியிருந்தோம். பெங்களூரில் ஒரே இடத்தில் வேலை பார்க்கும் நான்கு பேர். தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டு, கொட்டகை ஓரமாகத் தீ மூட்டித் துணி காயவைக்கலாம், கொஞ்சம் கடுங்காப்பி போடலாம் என்று ஆசை. ஒரு தீப்பெட்டி காலி. இரண்டாவது பெட்டியிலும் பாதி போய்விட்டது. லைட்டரைப் பிடித்திருந்த கட்டைவிரலில் கொப்புளம். வந்தது புகை மட்டும்.

தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒரு அக்கா, சேலம் பக்கத்துப் பூர்வீகம், சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டபடி வந்து கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "என்ன தம்பி, வந்ததுலேருந்து தீக்குச்சியத்தான் எரிக்கிறீங்க. வெறகு எப்ப எரியும்?" என்றார். எங்கள் குவியலை முழுசாகக் கலைத்துப்போட்டார். கொட்டகையின் இறவாணத்தில் செருகியிருந்த காய்ந்த தென்னம்பாளையை உருவி, அரிவாளால் ஈர்க்கு ஈர்க்காக வகிர்ந்தார். பத்து நிமிடம் அதற்கே போயிற்று. பிறகு ஒரே ஒரு குச்சி. அவ்வளவுதான்.

அவர் கையில் இருந்ததும் அதே தீப்பெட்டிதான். எங்கள் தீ நின்ற இடம் தீப்பெட்டியில் இல்லை. அன்றிலிருந்து தீ பிடிக்காதபோதெல்லாம் "வேறு கருவி இருக்கிறதா" என்று பையைத் துழாவுவதை விட்டுவிட்டேன். "எந்தப் படியில் நின்றது" என்றுதான் முதலில் பார்க்கிறேன். படிகள் நான்கு: பொறி, பஞ்சு (பொறியை முதலில் வாங்கிக்கொள்ளும் மெல்லிய நார், தூள் எதுவானாலும்), சுள்ளி, விறகு. நின்ற படிக்கு ஏற்றபடி வைத்தியம் மாறும்.

ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயம். காப்புக்காட்டிலும் சரணாலயத்திலும் தீ மூட்டுவது குற்றம். கர்நாடகத்தின் 1963ஆம் ஆண்டு வனச் சட்டமும், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஆகவே இங்கே சொல்வது இரண்டு இடத்துக்குத்தான்: அனுமதி உள்ள தனியார் நிலம், அல்லது வழி தவறி, நனைந்து, குளிரில் உயிருக்கே ஆபத்து என்ற நிலை. அந்த இரண்டாவது நிலைக்கான பழக்கத்தை முதல் இடத்தில்தான் பெற முடியும்.

பொறியே வரவில்லை

தீப்பெட்டி என்றால் முதலில் குச்சியைப் பார்க்காதீர்கள், பெட்டியின் பக்கவாட்டைப் பாருங்கள். நம் சிவகாசி, கோவில்பட்டித் தீப்பெட்டிகளில் சிவப்பு பாஸ்பரஸ் இருப்பது பெட்டியில் உரசும் பட்டையில். குச்சியின் மருந்தில் இருப்பது பொட்டாசியம் குளோரேட். இரண்டும் உரசினால்தான் தீ. பட்டை ஈரமாகிவிட்டால் குச்சி எவ்வளவு காய்ந்திருந்தாலும் பிரயோஜனமில்லை. ஈரப் பட்டையில் மறுபடி மறுபடி உரசினால் மருந்து வழித்துக்கொண்டு வந்துவிடும். அதனால் நிறுத்திவிட்டு, பெட்டியைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்து அரை மணி நேரம் பொறுங்கள். மருந்து ஊறிக் குழைந்துபோயிருந்தால் அந்தக் குச்சியை நம்ப வேண்டாம்.

இதைத் தடுக்கும் வழி எளிது. மாத்திரை டப்பா ஒன்றில் இருபது குச்சியைப் போட்டு, பட்டையை வெட்டித் தனியாக ஒரு சின்ன ஜிப் கவரில் வைத்து அதே டப்பாவுக்குள் வையுங்கள். குச்சி மருந்தின்மேல் உருக்கிய மெழுகைத் தோய்ப்பவர்கள் உரசும் முன் அந்த மெழுகை நகத்தால் சுரண்ட வேண்டும்; மறந்தால் பட்டையில் மெழுகு படிந்து அதுவும் கெடும். மரக்குச்சியாகப் பார்த்து வாங்குங்கள். மெழுகுக்குச்சி வெயிலில் கிடந்த பையில் இருந்தால் உரசும்போதே மடங்கிவிடும்.

லைட்டர் என்றால் கேள்வி: பொறி வருகிறதா, கேஸ் வருகிறதா? நனைந்த சக்கரம் பொறி தராது. தண்ணீரை உதறி, வாயால் நன்றாக ஊதி, சக்கரத்தைப் பேன்ட் தொடையில் பத்துப் பதினைந்து முறை உருட்டுங்கள். பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும். பொறி வந்தும் சுடர் இல்லையென்றால் கேஸ் தீர்ந்திருக்கும், அல்லது குளிர்ந்திருக்கும். பியூட்டேன் கொதிப்பது கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு அரை டிகிரி கீழே. பெங்களூர்க் குளிரில் அது பிரச்சினையே இல்லை. ஆனால் இங்கிருந்து உத்தராகண்ட், இமாசல் பனியில் நடக்கப் போகிறவர்கள் லைட்டரைப் பையின் வெளி ஜேபில் வைத்தால் காலையில் எரியாது. உள்சட்டைப் பையில் வையுங்கள், இரவில் படுக்கைக்குள் எடுத்துக்கொள்ளுங்கள். சக்கரம் இல்லாமல் பட்டனை அழுத்தினால் சர்ரென்று சீறும் ஜெட் லைட்டர்கள் உயரத்தில் அடிக்கடி ஏமாற்றும். மலைக்குச் சாதாரணச் சக்கர லைட்டர்தான்.

அப்புறம், கேஸ் பொத்தானின் அடியில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றி வையுங்கள். பைக்குள் எதிலாவது அமுங்கி, ஒருமுறைகூடப் பற்றவைக்காமலே காலியான லைட்டர் ஒன்று என்னிடம் இருந்தது. காலி லைட்டரையும் வீசிவிட வேண்டாம். கேஸ் போனாலும் கல் பொறி தரும். அந்தப் பொறியைப் பிய்த்த பஞ்சில் விழவைத்துத் தீ எடுக்கலாம்.

சமையலறை அடுப்பு பற்றவைக்கும் கேஸ் லைட்டரை எடுத்து வருகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். டக்கென்று சத்தம் வரும், நீலப் பொறி தெரியும். அது வாயுவைப் பற்றவைக்க மட்டுமே போதுமான பொறி. சருகிலும் பஞ்சிலும் அதை நம்பி உட்காராதீர்கள்.

ஃபெரோ ராடு என்பது தகட்டால் சுரண்டினால் பொறி கொட்டும் உலோகக் கோல். அதில் பொறி வரவில்லையென்றால் காரணம் இரண்டில் ஒன்று. புதுசாக இருந்தால் மேலே கறுப்புப் பூச்சு இருக்கும். அதைச் சுரண்டி உலோகம் பளபளக்கும்வரை எடுக்க வேண்டும். பூச்சு போன பிறகும் பொறி இல்லையென்றால் சுரண்டும் தகட்டின் விளிம்பு மழுங்கியிருக்கிறது. கத்தியின் முதுகால் சுரண்டுவதென்றால் அந்த முதுகு சதுரமாக, கூர்மையான விளிம்போடு இருக்க வேண்டும். உருட்டிவிட்ட முதுகு வழுக்கிக்கொண்டுதான் போகும். மங்களூர், கார்வார் கடலோரம் போகிறவர்கள் கவனியுங்கள்: உப்புக்காற்று பட்டால் இந்த ராடு அரித்துப்போகும். வீட்டில் வைக்கும்போது கொஞ்சம் நெயில் பாலிஷ் தடவினால் போதும்.

பொறி விழுகிறது, பஞ்சு பற்றவில்லை

இங்கே பெரும்பாலும் தவறு கையில்தான். ராடை அசைக்காமல் பிடித்துக்கொண்டு தகட்டை வேகமாக முன்னால் தள்ளுவோம். கை பஞ்சுக் குவியலில் மோதி எல்லாவற்றையும் கலைத்துவிடும். தலைகீழாகச் செய்யுங்கள். தகட்டைப் பஞ்சுக்கு மேலே அசையாமல் வைத்து, ராடைப் பின்னால் இழுங்கள். பொறி ஒரே இடத்தில் கொட்டும். வேகம் முக்கியமில்லை, அழுத்தம் முக்கியம். நீளமாக, மெதுவாக, அழுத்தி.

அடுத்தது பஞ்சு. ஃபெரோ ராடின் பொறி 3000 டிகிரியைத் தொடும், ஆனால் கண் சிமிட்டும் நேரம்தான் இருக்கும். அதைப் பிடிக்க மயிரிழை போன்ற நார் வேண்டும். முழுச் சருகு ஒன்று கையில் நொறுங்கும் அளவு காய்ந்திருந்தாலும் பொறியில் பற்றாது. அதற்குச் சுடர் வேண்டும். தென்னை மரத்தில் மட்டையைச் சுற்றியிருக்கும் பன்னாடையை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்த்தால் கிடைக்கும் தூள்நார், தேங்காய் நாரைப் பிரித்துப் பிரித்து முடிபோல ஆக்கியது, காய்ந்த மூங்கிலைக் கத்தி முதுகால் சுரண்டி எடுக்கும் பொடி இதெல்லாம் பொறியை வாங்கிக்கொள்ளும். பெங்களூரைச் சுற்றிக் கோலார்வரை தைலமரத் தோப்பு நிறைய உண்டு. தானாக உரிந்து தொங்கும் அதன் பட்டையை உள்பக்கமாகக் கிழித்துக் கசக்கினால் நல்ல நார் வரும்.

வாசலின் தடவிய பஞ்சு கொண்டுவந்தும் பற்றவில்லை என்கிறவர்களுக்கு: உருண்டையை அப்படியே வைக்கிறீர்கள். வெளிப்பக்கம் முழுக்க வாசலின் மூடியிருக்கும். இரண்டாகப் பிய்த்து உள்ளே இருக்கும் காய்ந்த இழைகளை வெளியே இழுத்துவிடுங்கள். பொறி அந்த இழையைப் பிடிக்கும், வாசலின் எரிபொருளாகி எரியும். சின்ன எலுமிச்சம்பழ அளவு உருண்டை மூன்று நாலு நிமிடம் தாராளமாக நிற்கும்.

இரும்பு இழையில் பேட்டரி வைத்துத் தீ எடுக்கும் வித்தையை முயன்று தோற்றவர்கள் பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் ஸ்க்ரப்பரைக் கொண்டுபோயிருப்பார்கள். அது தடித்த எவர்சில்வர் இழை, எரியாது. மரவேலைக்கு மெருகேற்றும் மிக நுண்ணிய இரும்பு இழைதான் எரியும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது நம் வீட்டுப் பூஜை அலமாரியில் இருக்கிறது. சூடம். ஒரு வில்லையைத் தண்ணீரில் மிதக்கவிட்டுக் கொளுத்துங்கள், மிதந்துகொண்டே எரியும். ஈரக் காட்டில் இதைவிட நம்பகமான பொருளை நான் கண்டதில்லை. ஒரு குறை: திறந்து வைத்தால் காற்றோடு கரைந்து காணாமல் போகும். இறுக மூடிய டப்பாவில், ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாக எடுத்துப்போங்கள். சூடக் கட்டிமேல் நேராகப் பொறியைக் கொட்டினால் பற்றுவது கஷ்டம். பொடித்துப் பஞ்சுக்குள் வைத்து, பஞ்சின்மேல் பொறியை விடுங்கள்.

பஞ்சு எரிகிறது, சுள்ளி பிடிப்பதற்குள் அணைந்துபோகிறது

நாங்கள் சக்லேஷ்பூரில் நின்றது இந்தப் படியில்தான். என்னிடம் கேட்கிறவர்களில் பலரும் நிற்பதும் இங்கேதான். அவர்கள் எல்லோரும் சொல்வது "லைட்டர் சரியில்லை" என்பது.

மழைக்காலத்தில் தரையில் கிடக்கும் குச்சி எதுவும் காய்ந்திருக்காது, வெளியே எப்படித் தெரிந்தாலும் சரி. அண்ணாந்து பாருங்கள். மரத்திலேயே பட்டுப்போய் நிற்கும் கிளை, வேறொரு கிளையில் விழுந்து மாட்டிக்கொண்டிருக்கும் கொம்பு, புதருக்குள் தரை தொடாமல் நிற்கும் காய்ந்த தண்டு, இவைதான் உங்களுக்கு. உண்ணிச்செடி கர்நாடகக் காட்டோரம் எங்கும் மண்டிக்கிடக்கிறது. காட்டுக்கு அது கேடுதான். ஆனால் அதன் பட்ட குச்சிகள் புதருக்குள் உயரத்தில் நின்றபடியே காய்ந்திருக்கும், சட்டென்று பற்றும். ஒடித்துப் பார்க்கும்போது படக்கென்று சத்தம் வர வேண்டும். வளைந்து நார் தொங்கினால் வேண்டாம். சத்தம் சந்தேகமாக இருந்தால் ஒடிந்த முனையை மேலுதட்டில் வைத்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் சில்லென்று உறைக்கும். விரலைவிட உதட்டுக்கு அது நன்றாகத் தெரியும்.

எங்கும் எல்லாம் நனைந்திருந்தால் கையளவு பருமனுள்ள பட்ட கிளையை வெட்டிப் பிளக்க வேண்டும். மழை வெளித்தோலோடு நின்றிருக்கும், வயிறு காய்ந்திருக்கும். அந்த அக்கா பாளையை வகிர்ந்தது போல உள்மரத்தை ஈர்க்குச்சி பருமனில் வகிர்ந்துகொள்ளுங்கள். ஒரு துண்டைக் கத்தியால் நுனியிலிருந்து அறுந்துவிடாமல் சீவிச் சீவிச் சுருளாக விட்டால் பூப்போல ஒரு கொத்து நிற்கும். அப்படி நாலைந்து கொத்து இருந்தால் பஞ்சே இல்லாமல்கூட ஒரு தீக்குச்சியில் பிடிக்கும்.

அளவு விஷயத்தில் நம் கண் ஏமாற்றும். ஈர்க்குச்சி பருமனில் இரண்டு கை சேர்த்துப் பிடிக்கும் அளவு ஒரு கட்டு. பென்சில் பருமனில் அதைப்போல இரண்டு மடங்கு. கட்டைவிரல் பருமனில் ஒரு கக்கம் நிறைய. இவ்வளவும் கைக்கெட்டும் தூரத்தில், பருமன்வாரியாகப் பிரித்து அடுக்கிய பிறகுதான் தீக்குச்சியை எடுக்க வேண்டும். தீ எரிய ஆரம்பித்த பிறகு சுள்ளி தேடி எழுந்து போனீர்களென்றால் திரும்பி வரும்போது சாம்பல்தான் இருக்கும். ஒரு தீக்குச்சி எரிவது பத்துப் பதினைந்து விநாடி. நாம் தயார் செய்வதோ அரை மணி நேரம். அந்தக் கணக்கு மனசில் பதிந்துவிட்டால் பாதிக் கோளாறு போய்விடும்.

ஈர்க்கு நன்றாகப் பிடித்துச் சடசடக்கும்வரை பென்சில் குச்சியைத் தொடாதீர்கள். பென்சில் குச்சி எரிந்து கங்கு தெரியும்வரை விரல் பருமனைத் தொடாதீர்கள். அவசரப்பட்டு மேலே ஒரு கட்டையைப் போடும் கை எல்லோருக்கும் உண்டு, எனக்கும் இருந்தது. ஈரக்கட்டை ஒன்று விழுந்தால் சின்னத் தீயின் சூடெல்லாம் அதன் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிவிடும்.

எரிகிறது, ஆனால் புகையாக வந்து மங்குகிறது

வெள்ளைப் புகை கனமாக வந்தால் ஈரம், அல்லது காற்று போதவில்லை. எதுவென்று கண்டுபிடிக்க ஒரு குச்சியால் குவியலை மெல்லத் தூக்கிப் பாருங்கள். தூக்கியதும் சுடர் எழுந்தால் காற்றுக்குறை. மேலே அடைத்து வைத்திருக்கிறீர்கள். எழவில்லையென்றால் ஈரம், சூடம் ஒன்றை அடியில் தள்ளி, ஈர்க்கை மறுபடி கொடுங்கள்.

ஊதும்போது மேலே நின்று ஊதாதீர்கள். தரையோடு குனிந்து, அடியில் தெரியும் கங்கைப் பார்த்து, நீளமாக ஊத வேண்டும். பாட்டி வீட்டு ஊதாங்குழல் வெறும் இரும்புக் குழாய்தான். ஆனால் மூச்சைக் குவித்துக் கங்கில் மட்டும் கொண்டுபோய்ச் சேர்க்கும், முகமும் புகையிலிருந்து தள்ளி இருக்கும். ஒரு சாண் நீள எவர்சில்வர் ஸ்ட்ரா பையில் இருந்தால் அதே வேலையைச் செய்யும்.

தரை ஈரமாக இருந்தால் அடியிலிருந்தே தீ அணையும். விரல் பருமனுள்ள கொம்புகளை நெருக்கி அடுக்கி ஒரு பாய்போலப் பரப்பி, அதன்மேல் தீ போடுங்கள். ஓடைக் கல்லை அடுப்புக்கல்லாக வைக்காதீர்கள். உள்ளே ஊறியிருக்கும் தண்ணீர் சூடேறினால் கல் வெடிக்கும். மூங்கிலையும் கணுவோடு போடாதீர்கள், அடைபட்ட காற்று வெடிக்கும், பிளந்து போடுங்கள். அரளிக் கொம்பு வேண்டவே வேண்டாம், அதன் புகையும் விஷம்.

பெட்ரோல், சானிடைசர் ஊற்றும் யோசனை வருவதும் இந்த நேரத்தில்தான். பெட்ரோல் ஆவி நீங்கள் நிற்கும் இடம்வரை பரவியிருக்கும். சானிடைசரின் சுடர் பகலில் கண்ணுக்கே தெரியாது. என் நண்பர் ஒருவர் புகைந்துகொண்டிருந்த குவியலில் பாட்டிலைச் சாய்த்தார், சுடர் ஊற்றிய வழியே கைக்கு ஏறியது. ஆறு வாரம் கட்டுப் போட்டார். புகையும் தீயில் எதையும் ஊற்றாதீர்கள்.

காற்று அணைத்துவிடுகிறது

காற்றுக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். உங்கள் உடம்புதான் முதல் சுவர். குவியலில் காற்று வரும் பக்கத்தில், அடியில் பற்றவையுங்கள். காற்றே சுடரைச் சுள்ளிக்குள் தள்ளும். மழையும் சேர்ந்திருந்தால் மழைக்குப் போர்த்தும் பாஞ்சோவை ஒருவர் உயரத்தில் பிடிக்க, இன்னொருவர் மூட்டட்டும். குளிருக்கு அடக்கமாக இருக்கிறதென்று கங்கை டென்டுக்குள்ளோ மூடிய அறைக்குள்ளோ கொண்டுபோகக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே கொல்லும்.

கட்டையைக் கடைந்தால்?

கேட்கிறவர்கள் அதிகம் என்பதால் ஒரு வார்த்தை. கடைந்து தீ எடுக்கும் கோலுக்குப் பழந்தமிழில் ஞெலிகோல் என்று பெயரே இருந்தது. அதை வீட்டுக் கூரையின் இறவாணத்தில் செருகித்தான் வைத்திருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். அடுப்புப் புகை பட்டு எப்போதும் காய்ந்தே இருக்கும் இடம். நனைந்த காட்டில் கிடைத்த கட்டையைக் கடைந்து உயிர் பிழைக்கலாம் என்று திட்டம் போடாதீர்கள். கற்றுக்கொள்ளுங்கள், அருமையான வித்தை. ஆனால் நம்பிப் போகும் வழி அது இல்லை.

எதை எடுத்துப் போவது

என் பையில் இருப்பது: சக்கர லைட்டர் ஒன்று, உடம்போடு. டப்பாவில் அடைத்த மரக்குச்சித் தீப்பெட்டி ஒன்று, பைக்குள். ஃபெரோ ராடு கழுத்துக் கயிற்றில். மூன்றும் மூன்று இடத்தில், பை ஆற்றோடு போனாலும் இரண்டு மிஞ்சும்படி. கூடவே சூட டப்பா, வாசலின் பஞ்சு, பிளக்கத் தாங்கும் ஒரு கத்தி. ஒன்றுதான் எடுக்க முடியும் என்றால் லைட்டர். ஒரு கை அடிபட்டிருந்தாலும் வேலை செய்யும், நேராகச் சுடரையே தரும். ராடைப் பலர் முதலிடத்தில் வைக்கிறார்கள். நனைந்தாலும் துடைத்துவிட்டுப் பயன்படுத்தலாம் என்பது உண்மை. ஆனால் குளிரில் விரல் மரத்தவருக்கு அது கடினமான கருவி. விமானத்தில் போகிறவர்கள் லைட்டரும் தீப்பெட்டியும் கொண்டுபோக முடியாது, இறங்கும் ஊரில் வாங்க வேண்டும். அதைத் தங்குமிடம் சேரும் முன்பே முடித்துவிடுங்கள்.

பழகுவதற்குக் காடு வேண்டாம். அல்சூரில் எங்கள் மொட்டைமாடியில், வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, மண்சட்டிக்குள், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு ஜூன் தூறலில் பழகினேன். தேங்காய் நார் நனைந்தால் எவ்வளவு நேரம் ஏமாற்றும் என்பது அங்கேதான் தெரிந்தது.

தீ அணையவில்லை

அணைந்துவிட்டது என்று நினைத்து மண்ணைப் போட்டு மூடிவிட்டுக் கிளம்புவதுதான் பெரிய தவறு. மண்ணுக்கடியில் கங்கு மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும், வேர் ஒன்று பிடித்துக்கொண்டால் இன்னும் அதிகம். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே விறகு போடுவதை நிறுத்துங்கள். தண்ணீர் ஊற்றுங்கள், குச்சியால் கிளறுங்கள், சேறாகும்வரை மறுபடி ஊற்றுங்கள். உஸ் சத்தம் நின்றால் மட்டும் போதாது. பாதி எரிந்த கட்டைகளைப் புரட்டி அடிப்பக்கத்தையும் நனையுங்கள். புறங்கையை முதலில் சாம்பலுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் காட்டி, சூடு தெரியவில்லையென்றால் சாம்பலிலேயே வையுங்கள். வெதுவெதுப்பு இருந்தால் இன்னும் ஒரு பாட்டில் தண்ணீர். ஆற்றுமணல்போலக் குளிர்ந்திருந்தால் பையைத் தோளில் மாட்டலாம்.